பொந்து இருந்தால் நத்து இருக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கத்துக்காரர்கள் எல்லோருமே இந்தப் பறவையின் குரலைக் கேட்டிருப்பார்கள். பார்த்தவர்கள்தான் குறைவு. விடிவதற்குச் சற்று முன்னால், அல்லது வெயில் தாழ்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில், மரக்கூட்டத்துக்குள்ளிருந்து "கவ்… கவ்… கவ்…" என்று மெதுவாகத் தொடங்கும். இடைவெளி குறைந்துகொண்டே வரும், சத்தம் ஏறும். "கவ்குக், கவ்குக்" என்று இரட்டையாகி உச்சத்துக்குப் போய், அப்புறம் அப்படியே தேய்ந்து நின்றுவிடும். கொஞ்சம் கழித்து விளையின், அதாவது தோப்பின், இன்னொரு கோடியிலிருந்து வேறொன்று பதில் சொல்லும். ஏதோ புறா என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். இது சின்னக் காட்டு ஆந்தை. எங்கள் பக்கத்தில் நத்து என்றால் போதும்.

ஆந்தை என்றதும் மனதில் வருகிற உருவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பார்க்க வேண்டும். நீளம் 20 சென்டிமீட்டர்தான். எடை 100 கிராமை ஒட்டி இருக்கும். மைனாவைவிடப் பெரிதில்லை, ஆனால் தலை பெரியது, உருண்டையானது. காது மாதிரி நிற்கும் இறகுக் கொம்புகள் கிடையாது. தலையிலிருந்து வால்வரை நெருக்கமான குறுக்குக் கோடுகள். தாடையிலும் மார்பிலும் வயிற்றின் நடுவிலும் மட்டும் வெள்ளைத் திட்டுகள். கண்கள் நல்ல மஞ்சள். இந்தியாவின் மற்றப் பகுதிகளில் இருப்பதைவிட மேற்குக் கரையோரத்து நத்துகளுக்குத் தலையிலும் கழுத்திலும் மார்பிலும் செம்பழுப்பு தூக்கலாக இருக்கும். 1833இல் டிக்கல் என்ற ஆங்கிலேயர் இன்றைய ஜார்க்கண்ட், வங்க எல்லைக் காடுகளில் கிடைத்த பறவையை வைத்து இந்த இனத்தை விவரித்தார். 1846இல் எட்வர்ட் பிளைத் மலபார்ப் பக்கத்துப் பறவையின் செம்பழுப்பைக் கவனித்துத் தனியாகப் பிரித்து எழுதினார். அதைத் தனி இனமாகவே கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நம் மாவட்டத்து மலையடிவாரத்தில் கத்துவது இந்தச் செம்பழுப்புக்காரர்தான்.

நாகர்கோவிலுக்குக் கிழக்கே, தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு சின்ன ஆந்தை நன்றாகத் தெரியும். கோவில் கோபுரத்தில், பழைய பள்ளிக்கூடக் கூரையில், ரோட்டோரப் புளியமரத்தில் ஜோடியாக உட்கார்ந்து "கிர்ர் கிர்ர்" என்று சண்டைக் கோழி மாதிரி கத்தும். அது புள்ளி ஆந்தை. அதன் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். காட்டு நத்தின் உடம்பில் இருப்பவை கோடுகள். புள்ளி ஆந்தைக்கு மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் ஆட்சேபம் இல்லை, தெருவிளக்கில் விழும் பூச்சியை நம்பியே குடும்பம் நடத்தும். காட்டு நத்துக்கு மரம் வேண்டும், மரத்துக்கு அடுத்து மரம் வேண்டும். கணவாய்க் காற்று அடிக்கிற கிழக்குப் பக்கத்து உலர்ந்த நிலத்தில் அது எனக்குக் கிடைத்ததே இல்லை. தடிக்காரன்கோணம் தாண்டி, கீரிப்பாறை ஏறத் தொடங்கினால் குரல் கேட்க ஆரம்பித்துவிடும். ஒரே மாவட்டத்துக்குள், ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில், ஒரு ஆந்தை முடிந்து இன்னொரு ஆந்தை தொடங்குகிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற மேற்குச் சரிவுக்கும் காற்றாலைகள் நிற்கிற முப்பந்தலுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு பறவைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

நத்துக்கு இரவு மட்டும் வேலை நேரம் இல்லை. விடிகிற நேரமும் பொழுது சாய்கிற நேரமும்தான் அதற்குப் பரபரப்பான வேளை. மப்பும் மந்தாரமுமாக இருக்கிற நாளில் பட்டப்பகலிலும் கத்தும், பறக்கும், இரை பிடிக்கும். நிலா வெளிச்சம் இருந்தால் இரவிலும் விடாது. இதற்குக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. கூகை என்கிற வெள்ளை ஆந்தையின் முகம் தட்டாக, இதய வடிவில், ஓசையைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிற மாதிரி அமைந்தது. அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அதனால் கும்மிருட்டிலும் எலி ஓடுகிற சத்தத்தை மட்டும் வைத்து எலியைப் பிடித்துவிடும். நத்து சேர்ந்த சிற்றாந்தைக் குடும்பத்துக்கு அப்படிப்பட்ட முகத்தட்டு கிடையாது, காதுகள் சமமாகவே இருக்கின்றன. அது கண்ணை நம்பி வேட்டையாடுகிறது. கண்ணை நம்புகிறவனுக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும் அல்லவா.

அந்தக் கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆந்தையின் கண் உருண்டை அல்ல, குழல் மாதிரி நீண்டது. சுற்றிலும் எலும்பு வளையத்தோடு மண்டையோட்டில் அசையாமல் பதிந்திருக்கிறது. நாம் செய்வதுபோல அதனால் விழியை உருட்ட முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். நமக்குக் கழுத்தில் 7 எலும்புகள், ஆந்தைக்கு 14. அதனால்தான் 270 பாகை அளவுக்குத் தலையைத் திருப்ப முடிகிறது. நத்து உங்களைப் பார்த்துவிட்டால் தலையை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டும். பயமுறுத்துவதற்காக அல்ல. அசையாத கண்ணால் தூரத்தை அளப்பதற்கு அதற்கு இருக்கிற வழி அது. இடம் மாறி மாறிப் பார்த்தால் எது அருகில், எது தொலைவில் என்று தெரிந்துவிடும். நாம் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் ஆட்டம் நின்றுபோகும். உடம்பை ஒடுக்கி, நிமிர்ந்து, ஒடிந்த கிளையின் முண்டு மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் அது எதிரே இருந்தாலும் கண்ணில் படாது.

பிறகு எப்படித்தான் பார்ப்பது? தேடக் கூடாது, மற்றப் பறவைகள் சொல்வதைக் கேட்க வேண்டும். காளிகேசத்தில் ஆற்றோரமாக நடக்கும்போது ஒரு மரத்தில் மட்டும் இரைச்சலாக இருந்தால் நின்றுவிடுங்கள். முதலில் கரிச்சான் கத்தும். கூடவே கொண்டைக்குருவிகள் வரும். தையல்சிட்டு, தேன்சிட்டு என்று உள்ளங்கையில் அடங்குகிற குருவிகள்கூட வந்து இறக்கையை உதறிக்கொண்டு ஏசும். அவை எல்லாம் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்த எல்லாப் பார்வைகளும் போய்ச் சேருகிற இடத்தில், கொடி படர்ந்த கிளையின் அடிப்பக்கத்தில், நத்து கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கும். நான் பார்த்த ஒரு தடவை, துடுப்புவால் கரிச்சான் ஒன்று பின்னாலிருந்து பாய்ந்து அதன் தலையைத் தொட்டுவிட்டுப் போனது. நத்து குனிந்துகொண்டதே தவிர இடத்தை விட்டு அசையவில்லை. ஆண் தேன்சிட்டு ஒரு முழம் தூரத்தில் அந்தரத்தில் நின்று அடித்தொண்டையில் கத்தியது. அதன் மொத்த எடை 10 கிராம்கூடத் தேறாது.

சின்னப் பறவைகளுக்கு இந்தக் கோபம் சும்மா வருவதில்லை. நத்துக்குப் பூச்சிதான் முக்கிய உணவு என்றாலும் குருவியும் குஞ்சும் கிடைத்தால் விடாது. ஒளிந்திருந்து பிடிக்கிற வேடனை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அதன் வேட்டை கெட்டது. குஞ்சுகளுக்கும் இதுதான் எதிரி என்று பாடம் ஆயிற்று. இதைத் தெரிந்துகொண்ட பறவை பார்ப்பவர்கள் சிலர் நத்தின் குரலைப் போனில் பதிவுசெய்து காட்டில் ஒலிக்கவிட்டுச் சின்னப் பறவைகளை வரவழைக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. கூட்டில் முட்டை வைத்திருக்கிற குருவி அடைகாப்பதை விட்டுவிட்டு இல்லாத எதிரியோடு சண்டைக்கு வருகிறது. அந்த எல்லையில் உண்மையிலேயே இருக்கிற நத்து, வேறொருவன் வந்துவிட்டான் என்று பதறித் திரும்பத் திரும்பக் கத்துகிறது. ஒரு படத்துக்காக இதைச் செய்யவே கூடாது. பங்குனி, சித்திரையில் கண்டிப்பாகக் கூடாது.

இரை என்று பார்த்தால் வெட்டுக்கிளி, வண்டு, சில்வண்டு, பல்லி, ஓணான், நத்தை, சுண்டெலி. கோடை மழை ஒன்று பெய்து ஈசல் கிளம்பிவிட்டால் கொண்டாட்டம். பெருஞ்சாணி அணைப் பக்கத்தில் நத்து ஒன்று சில்வண்டு தின்றதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். நாம் கையால் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஒரு காலில் பிடித்து அலகுக்குத் தூக்கியது. முதலில் தலையை நறுக்கி விழுங்கியது. சில்வண்டின் கண்ணாடிச் சிறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உதறியது. அவை சுழன்றுகொண்டே இறங்கிச் சருகின் மேல் விழுந்தன. கடைசிச் சிறகு அலகின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அதைக் கிளையில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்துவிட்டு, மிச்சம் இருந்த உடம்பை ஒரே வாயில் போட்டுக்கொண்டது. அது வழக்கமாக உட்காரும் கிளைக்குக் கீழே தேடினால் உமிழ்ந்த உருண்டைகள் கிடைக்கும். செரிக்காத பாகங்களை ஆந்தைகள் உருட்டிக் கக்கிவிடும். குச்சியால் பிரித்துப் பார்த்தால் பச்சை மினுங்குகிற வண்டு ஓடுகள், வெட்டுக்கிளியின் முள்ளுக் கால், எப்போதாவது அரிசி அளவு பல் இருக்கிற சுண்டெலித் தாடை. ரப்பருக்கும் வாழைக்கும் இடையில் இவ்வளவு வேலை பார்க்கிற ஒரு பறவைக்கு நாம் தருகிற மரியாதை போதாது.

ரப்பர் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் நத்துப் பறவையை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் பால் வெட்டுகிறவர்கள். இருட்டோடு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர்கள் அவர்கள். சொந்தக்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்க அந்த வேலை செய்தவர். சிரட்டையைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"மாமா, இந்த வரிசையிலதானே நத்து கத்துது?"

"ரப்பர்ல அதுக்கு என்ன சோலி மக்களே? அந்தா, அந்த அயினி மரத்துலேருந்துல்லா கரையுது. பூச்சி பிடிக்க இங்க வரும். வீடு அங்கதான்."

"ஏன் மாமா, ரப்பர்லயும் இருக்கலாமே?"

"ரப்பர்ல ஏது பொந்து? பொந்து இல்லாம அது எங்க போயி முட்டை வைக்கும்?"

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்தப் பொந்துக்காகத்தான். நத்து கூடு கட்டாது, கட்டத் தெரியாது. மரத்தில் தானாக விழுந்த பொந்தோ, வேறொரு பறவை குடைந்துவிட்டுப் போன பொந்தோ வேண்டும். குடைகிறவர்கள் இரண்டு பேர்: மரங்கொத்தியும் குக்குறுவானும். நம் விளைகளில் நாளெல்லாம் "குட்ரூ குட்ரூ" என்று கத்துகிற வெள்ளைக் கன்னக் குக்குறுவான் பச்சையாக இருப்பதால் இலைக்குள் தெரியாது, ஆனால் நம் மாவட்டத்துக் கொத்தனார்களில் அது முதன்மையானது. கெட்டி மரம் அதன் அலகுக்கு ஆகாது. பட்டுப்போன கிளை, உளுத்த முண்டு, முருக்கு, இலவு போன்ற மெத்து மரம் வேண்டும். அது ஒரு பருவம் குடியிருந்துவிட்டு விட்டுப்போன துளை, மழையில் கொஞ்சம் உளுத்து வாய் அகலமானதும் நத்துக்குச் சரியாக இருக்கும். ஆக, பட்ட கிளை இருந்தால் குக்குறுவான், குக்குறுவான் இருந்தால் பொந்து, பொந்து இருந்தால் நத்து. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் இருப்பவன் இல்லை.

பழைய விளைகளில் இது எல்லாம் யாரும் திட்டமிடாமலே நடந்துகொண்டிருந்தது. பலா, மா, அயினி என்கிற காட்டுப்பலா, புளி, தென்னை, கமுகு, நடுவில் நல்லமிளகு ஏற்றிவிட முள்முருக்கு. கிழட்டு மரத்தில் ஒரு கிளை பட்டு நின்றால் விறகுக்கு என்று நினைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பார்கள். ரப்பர் வந்த இடங்களில் இந்தக் கலவை போய்விட்டது. ஒரே வயது, ஒரே உயரம், வரிசை. கிட்டத்தட்ட 30 வருடத்தில் பால் வற்றியதும் மொத்தமாக வெட்டி மறுநடவு. மரம் கிழடு தட்ட விடுவதே இல்லை, அப்புறம் பொந்து எங்கே விழும்? ரப்பர் போடுகிற விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன், இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்ததும் பிள்ளைகள் படித்ததும் அந்தப் பாலில்தான். எல்லைக் கல்லோரம் நிற்கிற கிழட்டு அயினியையும் சேர்த்துச் சாய்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முருக்குக்கு வேறு விதமான கேடு வந்தது. 2005ஐ ஒட்டித் தென்னிந்தியாவில் ஒரு பொடிக் குளவி பரவியது. முருக்கின் இலையிலும் தளிரிலும் முட்டையிட்டுக் கட்டி கட்டியாக வீங்கவைக்கும். கேரளத்தில் மிளகுக் கொடிக்குத் துணையாக நின்ற முருக்குகள் ஏராளமாகப் பட்டுப்போயின. வேலியோரத்தில் முருக்கு நட்டுவைப்பதையே பலர் விட்டுவிட்டார்கள். குக்குறுவானுக்கு மெத்து மரம் ஒன்று குறைந்தது.

அப்புறம் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30 அன்று எங்கள் மாவட்டத்தில் மரம் விழாத விளை கிடையாது. கடலில் போன உயிர்களை நினைத்தால் மரத்தைப் பற்றிப் பேசவே வாய் வராது, அந்தத் துக்கம் கரையோர ஊர்களில் இன்னும் ஆறவில்லை. காற்று மலையடிவாரத்துக்கு வந்தபோது முதலில் விழுந்தவை உள்ளே பொந்து விழுந்த பெரிய மரங்கள். நடுவே கூடு பாய்ந்த மரம் காற்றுக்குத் தாங்காது. ரப்பரும் வரிசை வரிசையாகச் சாய்ந்தது, ஆனால் அதை மறுபடி நட்டுவிட்டார்கள். 80 வருட அயினியை யார் நடுவது? ஒன்று சொல்ல வேண்டும், அடுத்த சில வருடங்களில் மண்டை போன தென்னைகளில் மரங்கொத்திகள் வேலை பார்த்தன. முறிந்த தடியில் மேலிருந்து கீழாக மூன்று, நான்கு துளைகள்கூட இருக்கும். கிளியும் மைனாவும் முந்திக்கொண்டு பிடித்தன. இடம் கிடைத்த இடத்தில் நத்தும் புகுந்துகொண்டது. காற்று கெடுத்ததில் கொஞ்சத்தைக் கொத்திக் கொத்தியே மரங்கொத்தி திருப்பிக் கொடுத்தது.

அது முட்டையிடுவது பெரும்பாலும் மார்ச்சிலிருந்து மே வரை. பொந்து 3 முதல் 8 மீட்டர் உயரத்தில் இருக்கும். உள்ளே மெத்தை கிடையாது, உளுத்த தூள்மேல் 3 அல்லது 4 வெள்ளை முட்டைகள், ஏறக்குறைய உருண்டையாக. சில்வண்டு கத்துகிற காலமும் கோடை மழைக்குப் பின்னால் ஈசல் எழுகிற காலமும் குஞ்சு வாயைத் திறக்கிற காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டால் நல்லது. இந்த நாட்களில் பறக்கத் தெரியாத குஞ்சு தரையில் விழுந்து கிடப்பது சகஜம். அனாதை என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து பாலும் சோறும் ஊட்டுகிறார்கள், அது செத்துப்போகிறது. அடி எதுவும் படவில்லை என்றால் செய்ய வேண்டியது, பூனையும் நாயும் எட்டாத பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகிப் போவதுதான். தாய் தகப்பன் அங்கேதான் எங்கேயாவது இருக்கும், இருட்டியதும் இரையோடு வரும்.

சாவைக் கூப்பிடுகிற பறவை என்று கல்லெறிகிற வழக்கம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. பெரிய காட்டு ஆந்தை ஒன்றைக் காலன்கோழி என்று பயப்படுவார்கள். அதன் பழியில் பங்கு நத்துக்கும் விழுந்துவிடுகிறது. மந்திரவாதத்துக்காக ஆந்தை பிடித்து விற்பது வட இந்தியாவில் தீபாவளியை ஒட்டி இன்னும் நடக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆந்தையையும் பிடிப்பதும் விற்பதும் குற்றம். மாவட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கன்னியாகுமரி வனவுயிர்ச் சரணாலயம். அதற்குள் நத்துக்குக் குறை இல்லை. கிழட்டு மரம் அங்கே தானாக விழும்வரை நிற்கும். நான் கவலைப்படுவது சரணாலய எல்லைக்கு இந்தப் பக்கம், நம் வீடுகளைச் சுற்றி இருக்கிற நத்துகளைப் பற்றி.

அதனால் விளை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்ட மரம் வீட்டு மேலோ, வழியிலோ, கரண்ட் கம்பி மேலோ விழுகிற மாதிரி நின்றால் வெட்டத்தான் வேண்டும். அப்படி இல்லாத மரத்தை அடியோடு அறுக்காதீர்கள். மர வேலைக்காரரிடம் சொல்லி மேல் கொம்புகளை மட்டும் இறக்கிவிட்டு, 15, 20 அடி உயரத்துக்குத் தடியை நிறுத்திவையுங்கள். காற்றுக்கு அது எளிதில் விழாது. அதன் விறகுக்குக் கிடைக்கிற பணமும் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலியில் நாலு முருக்குக் கம்பும் ஊன்றிப் பாருங்கள், எல்லாமே குளவிக்குப் போய்விடுவதில்லை. எங்கள் விளையில் பட்டுப்போன மாமரத்தை அப்படித்தான் நிறுத்தினோம். இரண்டு மழைக்காலம் போனபிறகு இந்த மாசியில் குக்குறுவான் கொத்தத் தொடங்கியது, அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. இந்தப் பருவம் அதனுடையது. நத்துக்கு இடம் கிடைக்க அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ ஆகும்.